புது ஓ.எஸ். பந்தி

புதிய இயங்குதளம் வெளியான வாரத்தில் நிறுவனம் ஊர் ஊராகக் கல்யாண மண்டபம் பிடித்துப் பந்தி போட்டது. பாளையங்கோட்டையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த மண்டபம் கிடைத்தது. வாசலில் வாழைமரம் கட்டி, நாதஸ்வரம் வைத்திருந்தார்கள். வருகிறவர்களின் மடிக்கணினிக்குச் சந்தனப் பொட்டு வைத்து உள்ளே அனுப்பினார்கள்.

சுகிர்தா, ஏற்றிக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்யாமல்தான் போனாள்.

இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. பழைய இயங்குதளத்துக்கு நிறுவனம் ஒரு காவல்காரரைக் கொடுத்திருந்தது. அன்று காலை அவர் அவளுடைய அறை வாசலிலிருந்து ஸ்டூலை எடுத்துக்கொண்டார். "இனி யார் வந்தாலும் நீங்களே பாத்துக்கோங்கம்மா" என்றார். அவர் இறங்கும்போதே முகம் தெரியாத இருவர் படியேறி வந்தார்கள்.

ஆனால் அவளுடைய ஆராய்ச்சி பழையதில் இருந்தது. கொசுச் சிறகின் ஓசையை அளக்கும் மென்பொருள். புதியதில் அது திறக்காது. அதைச் செய்த கம்பெனியை மூடிவிட்டார்கள். மூன்று வருடக் கொசுக்கள் அதற்குள் இருந்தன. அடுத்த மாதம் ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டும். கொசுக்கள் இல்லாமல் கொடுக்க முடியாது.

பந்தியில் இலை இல்லை. அவரவர் மடிக்கணினியைத் திறந்து முன்னால் வைத்திருந்தார்கள். பிடிக்காவிட்டால் எழுந்து போய்விடலாம் என்று சுகிர்தா கடைசி இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்ததும் பந்தி அவளைத் தாண்டி நீண்டது. இப்போது அவள் நடுவில் இருந்தாள்.

பக்கத்தில் பொன்னுலிங்கம் இருந்தார். பிரௌசிங் சென்டர் வைத்திருப்பவர். அவள் அங்கேதான் பிரின்ட் எடுப்பாள்.

"வாங்கிக்கிடப் போறியாம்மா?"

"தெரியல அண்ணாச்சி. பாத்துட்டுச் சொல்லலாம்னு."

"பாக்கதுக்கு என்ன இருக்கு? ஓசிதான?"

முதலில், ஓரத்தில் உப்பு வைப்பதுபோல நிபந்தனைகளை வைத்துக்கொண்டு போனார்கள். குவியல் பெரிதாக இருந்தது. எல்லாரும் விரலால் ஒதுக்கினார்கள். ஒதுக்கினால் ஒப்புக்கொண்டதாகப் பொருள். சுகிர்தா படித்தாள். எதிர்வரிசையில் சிரித்தார்கள்.

பிறகு வாளி வந்தது. புதிய இயங்குதளம் நீலமாக, ரசத்தைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருந்தது. ஆவி பறந்தது. வாசனை இல்லை. வாளிக்காரர் அதைப் பொன்னுலிங்கத்தின் விசைப்பலகைமேல் ஊற்றினார். அது உள்ளே இறங்கியது. பொன்னுலிங்கத்தின் காதுகள் இரண்டும் முகத்தின் நடுவுக்கு நகர்ந்தன.

"அண்ணாச்சி, நான் பேசுறது கேக்குதா?"

"நல்லா கேக்கு. முந்திக்கு இப்ப அழகா கேக்கு."

"உங்க வலது கையக் காணுமே."

அவர் தோளைக் குனிந்து பார்த்தார். "இங்கனதான் எங்கயாச்சும் வச்சிருப்பாவ. தேடுனா கிடைக்கும்."

சுகிர்தா முடிவு செய்துவிட்டாள்.

"எனக்கு வேண்டாம்" என்றாள் வாளிக்காரரிடம்.

"கொஞ்சம்போல வச்சுக்கோங்க."

"வேண்டாங்க."

"பொண்ணு கூச்சப்படுது!" என்று அவர் திரும்பிச் சத்தம் போட்டார்.

பட்டு வேட்டியும் தோளில் துண்டுமாக ஒருவர் விரைந்து வந்தார். நிறுவனத்தின் தென்மண்டல மேலாளர். சுகிர்தா அவரை அதற்குமுன் பார்த்ததில்லை.

"என் மருமகளுக்கு வைக்காமப் போறது யாரு?"

"நான்தான் சார் வேண்டாம்னேன்."

"இப்ப வேண்டாமா, அப்புறமா வேணுமா?"

"எப்பவும் வேண்டாம்."

"அப்ப அப்புறம்னு சொல்லுங்க. நீங்க பாட்டுக்குத் தூங்குங்க. நாங்களே வீட்டுக்கு வந்து ஊத்திட்டுப் போயிருவோம்."

அவள் இரண்டு கைகளையும் விரித்து விசைப்பலகையை மறைத்தாள். கரண்டி அவள் விரல்களுக்கு இடையில் இடம் தேடியது. ஒரு சொட்டு விழுந்தது. கொக்கிரகுளத்தில் பிடித்த கொசுக்கள் அத்தனையும் ஊமையாகிவிட்டன. ஒரு வருட வேலை.

அவளுக்குக் கோபம் ஏறியது. இத்தனை நாள் மெல்லச் சொன்ன வேண்டாம்கள் எல்லாம் அதோடு சேர்ந்து ஏறின. மூன்றாவது தோசைக்குச் சொன்னது. பேருந்தில் சீட்டு மாறி உட்காரச் சொன்னவரிடம் சொன்னது. பி.எட். படிக்கலாமே என்ற சித்தப்பாவிடம் சொன்னது. ஒன்றுகூட யார் காதிலும் விழுந்ததில்லை. தோசை வந்தது. சீட்டு மாறியது. சித்தப்பா விண்ணப்பம் வாங்கி வந்தார்.

"வேண்டாம்னா வேண்டாம்! உங்க யாருக்கும் காது இல்லையா?"

மண்டபமே மகிழ்ந்தது. எதிர்வரிசையில் ஒரு பெண் கைதட்டினாள். "வாயைத் தொறந்துட்டா! கூச்சம் போயிருச்சு, இனிமே நல்லா வாங்கிக்குவா." கூடுதலாக இரண்டு வாளிகள் வந்தன.

சுகிர்தா திரையைப் பிடித்துத் தன் பக்கமாக இழுத்து மூடினாள்.

மேலாளரின் கண்கள் கலங்கின. "தன் பக்கமா மூடுறா பாருங்க. உறவு நீடிக்கணும்னு மூடுறா. அடுத்த பந்திக்கும் வருவா." குனிந்து அவரே கணினியைத் திறந்து வைத்தார். கரண்டி உயர்ந்தது.

சுகிர்தா திரையைப் பின்னால் சாய்த்துத் தரையோடு தரையாகப் படுக்க வைத்தாள். கீல் கரகரவென்றது. தனக்குப் பக்கத்திலிருந்த பாதியைத் தூக்கினாள். சாவு வீட்டுப் பந்தியில் இலையை மடிப்பதுபோல, தன்னிலிருந்து அப்பால், எதிர்ப்பக்கமாக மடித்தாள்.

நாதஸ்வரம் நின்றது. கரண்டி வாளிக்குள் போனது. மேலாளர் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"யாரும்மா தவறிப்போனது?"

"யாரும் தவறல. எனக்கு உங்க ஓ.எஸ். வேண்டாம்."

"மனசைத் தேத்திக்கோங்க."

"வயசு என்ன இருக்கும்?" என்று வாளிக்காரர் பொன்னுலிங்கத்திடம் தணிந்த குரலில் கேட்டார்.

"சின்ன வயசுதான்" என்றார் பொன்னுலிங்கம். "எப்ப எடுக்காவளாம்?"

பந்தி எழுந்தது. ஒவ்வொருவராக வந்து அவள் கைகளைத் தொட்டார்கள். கைதட்டிய பெண் அவள் தோளைப் பிடித்தாள். "அழுதுருங்க. உள்ளேயே வைக்காதீங்க."

"எனக்கு அழுகை வரல. கோவம் வருது. நான் ஆரம்பத்திலேருந்து வேண்டாம்னுதான் சொன்னேன்."

"அப்படித்தாம்மா இருக்கும், மொதல்ல."

மேலாளர் கடைசியாகக் கை நீட்டினார். சுகிர்தா அந்தக் கையைப் பற்றிக்கொண்டாள். விடவில்லை.

"நான் என்ன சொன்னேன்னு ஒரு தடவை திருப்பிச் சொல்லுங்க."

அவர் அவள் பிடியிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக, நோகாமல் உருவிக்கொண்டார்.

வாளிகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் வெளியேறினார்கள். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. போய்விட்டு வருகிறேன் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.