நாற்பதாவது அட்டை

"ஒரே மத்தியானம். சாப்பிட்டுக் கை கழுவினதுக்கும் டீ வந்ததுக்கும் நடுவுல. கால் டப்பா பசை, ஒரு பிரஷ், அவ்வளவுதான் செலவு. நூத்தம்பது வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்ல ஒரு கலகத்தையே நடத்திக் கொடுத்தவன் நான். ஒருத்தனுக்கும் ஒரு கீறல் கிடையாது!"

படுக்கையில் கிடந்தபடி அவர் இதை ஊசி போட வந்த நர்சிடம் சொன்னார். மருந்து ஊற்றிய மூடியை அவர் வாய்க்கு நேரே நீட்டிக்கொண்டு மகள் நின்றிருந்தாள். மூச்சு விடுவதற்கே பக்கத்தில் ஆள் வைக்கவேண்டிய நிலையில் இருந்த மனிதருக்கு, பெருமை அடிக்க மட்டும் தனியாக ஒரு நுரையீரல் இருந்தது.

நர்ஸ் நம்பவில்லை. "சும்மா இருங்க ஐயா. கரண்டிக் கலகத்த நீங்க நடத்தினீங்களா? எங்க கொள்ளுப்பாட்டி அதுல முன்வரிசையில நின்னவங்க. அந்தக் கரண்டி இன்னும் எங்க வீட்ல இருக்கு."

அவர் மகளைப் பார்த்துக் கண்ணடித்தார். "கேட்டியா? கரண்டியே இருக்காம்!"

"மருந்தக் குடிங்க," என்றாள் மகள்.

அவரை ஊரில் அட்டைக்காரர் என்றால்தான் தெரியும். பள்ளிக்கூடங்களில் சமூக அறிவியல் நடத்துவதற்கான அட்டைகள் அவர் செய்தவை. முன்பக்கம் படம், பின்பக்கம் ஐந்து வரி. ஆசிரியர் அட்டையைத் தூக்கிப் பிடித்துப் பின்பக்கத்தைப் படிப்பார். பிள்ளைகள் படத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பார்கள். புவியியலுக்குப் பச்சை ஓரம், ஆட்சிமுறைக்கு மஞ்சள், வரலாற்றுக்குச் சிவப்பு. பிள்ளைகளின் கண்ணைக் குத்திவிடக் கூடாது என்று ஒவ்வோர் அட்டையின் மூலையையும் அவரே கத்தரியால் வளைத்து வெட்டுவார். அப்படி விழுந்த துண்டுகளைக் கொட்டினால் ஆறே அடைபட்டுப் போகும் என்பார். மகள் பார்த்தவரை அவை ஒரு சாக்கைக்கூட நிரப்பியதில்லை.

ஒரு பெரிய தாளில் எட்டு அட்டைகள் அச்சாகும். ஐந்து தாள்களுக்கு நாற்பது. ஆறு, பாலம், சந்தை, மணிக்கூண்டு என்று ஊரைச் சுரண்டிச் சுரண்டி எடுத்தும் முப்பத்தொன்பதுதான் தேறியது. கடைசித் தாளில் ஒரு கட்டம் காலி. அச்சகத்து ஆள் வாசலில் நின்று அவசரப்படுத்திக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து அம்மா கையில் கரண்டியோடு வந்து, "தின்ன தட்ட எடுத்து வைக்கக்கூட உங்களுக்கு ஆள் வேணுமா?" என்று கத்தினாள். அந்த முகமும் அந்தக் கரண்டியும் அப்படியே சிவப்பு ஓரத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. மேசைக்கு அடியில் உட்கார்ந்து துண்டுத்தாள் பொறுக்கிக்கொண்டிருந்த மகள் எல்லாவற்றையும் பார்த்தாள்.

பின்பக்கத்தில் அவர் எழுதினார்: 'வரி வசூலிக்க வந்த அதிகாரியைப் பெண்கள் அடிக்கவில்லை. ஒரு வார்த்தையும் பேசவில்லை. பாத்திரங்களைக் கரண்டியால் தட்டிக்கொண்டு ஒவ்வோர் அடியாக முன்னே வந்தார்கள். அதிகாரி வண்டி ஏறினார். அந்த வரி பிறகு வசூலிக்கப்படவேயில்லை.'

பரீட்சையில் இது ஐந்து மதிப்பெண் கேள்வி. ஊரே எழுதிப் பாஸானது. பிறகு ஊரே அதில் கலந்துகொண்டது. முன்வரிசையில் நின்றதாகச் சொல்லப்பட்ட கொள்ளுப்பாட்டிகளை எல்லாம் உண்மையிலேயே நிற்க வைத்தால், அந்த வரிசை கடலில் போய்த்தான் முடியும். நானே கட்டினது என்று அவர் எத்தனை தடவை சொன்னாலும், கிழவருக்குக் குசும்பு என்று சிரித்துவிட்டுப் போனார்கள். நடக்கவில்லை என்று சொல்ல ஊரில் ஒரே ஒரு ஆள்தான் மிச்சம், அவர் மகள். அவள் வரலாறு படித்து, வரலாற்று ஆசிரியையாகி, பாடக்கருவிகளைச் சரிபார்க்கும் குழுவிலும் உட்கார்ந்து, நாற்பதாவது அட்டை கற்பனை, ஆகவே தொகுப்பு முழுவதையும் திரும்பப் பெற வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

நர்ஸ் போனதும் அவர் ஆரம்பித்தார். "உன் கூட்டாளிங்க எப்ப வர்றாங்க, என் அட்டைய அள்ளிட்டுப் போக?"

"நாளைக்கு."

"கூழாக்கிடுவாங்க இல்ல? உங்கம்மாவையும் சேத்து."

"நடக்காதத நடந்துச்சுன்னு பிள்ளைங்க கிட்டச் சொல்ல முடியாதுப்பா."

"முப்பத்தொன்பது நிஜம் சொல்லியிருக்கேன். கூட ஒரு பொய்க்கு இடம் கிடையாதா?"

"கிடையாது."

"அப்ப நீ என் பொண்ணே இல்ல. ஆஸ்பத்திரியில மாத்திட்டாங்க."

"ரொம்ப சந்தோஷம். அதையும் ஒரு அட்டையில போடுங்க."

இருமல் அவரைத் தூக்கித் தூக்கிப் போட்டது. அடங்கியதும் அவள் மணிக்கட்டைப் பிடித்தார். பிடியில் பாசம் ஒன்றும் இல்லை. "ஒரே ஒரு தடவை வாயத் தொறந்து நடந்துச்சுன்னு சொல்லு. நான் கண்ண மூடிக்கிறேன்."

"மாட்டேன்."

"அப்ப நானும் மூட மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அன்று சாயங்காலம் கண்களைத் திறந்து வைத்துக்கொண்டே செத்துப்போனார். அத்தைதான் வந்து இமைகளை இழுத்து மூடினாள். அவருடைய தங்கை, வாயில் அண்ணனுக்குச் சளைத்தவள் இல்லை.

"சளி கொல்லலடி எங்கண்ணன," என்றாள், மூடிய கையை எடுக்காமலே. "நீ போட்ட கையெழுத்து கொன்னுச்சு."

மறுநாள் முன்னறையில் கட்டிலைப் போட்டு அவரைக் கிடத்தினார்கள். அந்த அறையின் மூன்று சுவர்களிலும் அட்டைக் கட்டுகள் தோள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. வந்தவர்களில் நின்று களைத்தவர்கள் கட்டுகள்மேலேயே உட்கார்ந்துகொண்டார்கள். அத்தையிடம் கைகொடுத்தார்கள், கட்டிலைப் பார்த்துக் குனிந்தார்கள், மகளைத் தாண்டும்போது மட்டும் எல்லோருக்கும் தரையில் ஏதோ தொலைந்து போயிருந்தது. அவள் தலைமாட்டில் போய் நின்றாள்.

"அங்க நிக்காத," என்றாள் அத்தை. "மறுபடியும் கண்ணத் தொறந்துடப் போறான். பின்னால போய் எதையாவது கிண்டு."

கொல்லையில் பக்கத்து வீட்டுப் பெண்கள் வந்திருந்த கூட்டத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். தையற்கடைக்காரி அவள் கையில் ஒரு கரண்டியைத் திணித்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். மகள் கிண்டினாள். அடுப்புப் புகைக்கு அவள்மேல் என்ன கோபமோ, அதுவும் சுற்றிச் சுற்றி அவள் முகத்துக்கே வந்தது.

வாசலில் வண்டி நிற்கும் சத்தம் கேட்டது. உடலை எடுத்துப்போகும் வண்டி இல்லை. கல்வி அலுவலகத்து வண்டி. பின்னால் இரண்டு சுமைக்காரர்கள், முன்னால் ஒரு குட்டையான அதிகாரி. வாசலிலேயே வழி மறித்த அத்தையிடம் அவர் உத்தரவைக் காட்டினார். அத்தை அதை வாங்கவில்லை.

"வேண்டியவங்களக் கூப்பிடுங்க," என்றாள். "உள்ளதான் இருக்கா உங்க ஆளு."

மகள் ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பாத்திர மூடியுமாக வந்தாள். என்ன நடக்கிறதென்று பார்க்க மற்ற பெண்களும் கையில் இருந்ததைக் கீழே வைக்காமலே பின்னால் வந்தார்கள்.

"மேடம், நல்லவேளை நீங்க இருக்கீங்க," என்றார் அதிகாரி. "உங்க ரிப்போர்ட்படி இன்னிக்குத்தான் தேதி."

"இங்க என்ன நடக்குதுன்னு பாக்குறீங்க இல்ல? அடுத்த வாரம் வாங்க."

"அடுத்த வாரம் வண்டி கிடைக்காது மேடம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "பெரியவர் இருந்திருந்தா தகராறு பண்ணியிருப்பாரு. ஒரு விதத்துல நமக்கு இது சௌகரியமாப் போச்சு."

அந்த 'நமக்கு' அத்தையின் காதில் விழுந்தது. அவள் மகளைப் பார்த்துச் சிரித்தாள். அடித்திருந்தால் பரவாயில்லை என்று தோன்றவைக்கும் சிரிப்பு.

அதற்குள் அதிகாரி முன்னறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சுமைக்காரர்களைக் கூப்பிட்டார். "வேலை ஒண்ணும் இல்லப்பா. அந்தக் கட்டில மட்டும் கொஞ்சம் ஓரமாத் தள்ளினா எடுத்துடலாம்."

டங்!

முதல் சத்தம் யாருடையது என்று இன்றைக்கும் அந்தத் தெருவில் சண்டை நடக்கிறது. நான்தான் என்று சொல்ல இருபது பேர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் அன்றைக்கு ஊரிலேயே இல்லை. இரண்டாவது சத்தம் தையற்கடைக்காரியுடையது, அதில் சந்தேகமில்லை. மூன்றாவதற்குப் பிறகு எண்ணுவதற்கு ஆளில்லை. அடுத்த வீட்டுப் பெண்கள் வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார்கள், உள்ளே போனார்கள், வாணலியோடு வந்தார்கள். எதிர் வீட்டு மாடியில் குடியிருந்த நர்ஸ் இறங்கி வந்தாள். கையில் அந்தப் புகழ்பெற்ற கொள்ளுப்பாட்டிக் கரண்டி, பார்த்தால் போன மாதம் கடையில் வாங்கியதுபோல் பளபளவென்று இருந்தது. மணிக்கூண்டுக் கடிகாரமே ஒரு மணி முன்னால் ஓடிப்போனது என்பார்கள். அதிகாரியின் மூக்குக் கண்ணாடி மூக்கைவிட்டுக் கழன்று இறங்கியதை மகளே பார்த்தாள்.

யாரும் அவரைத் தொடவில்லை. யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயை மூடிக்கொண்டு இருப்பது அத்தைக்கு வாழ்நாளில் அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். ஒரு தட்டத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தட்டினாள். எல்லோரும் ஓரடி வைத்தார்கள். பிறகு இன்னோர் அடி.

அதிகாரியும் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்தான். ஐந்துக்கு ஐந்து வாங்கியிருப்பார் போலிருக்கிறது. அடுத்து என்ன செய்யவேண்டும் என்பது அவர் கால்களுக்குத் தெரிந்திருந்தது. முகத்தைத் திருப்பாமல் பின்னோக்கியே நடந்து போய் வண்டி ஏறினார். சுமைக்காரர்கள் அவருக்கு முன்னமே ஏறி உட்கார்ந்திருந்தார்கள்.

வண்டி மூலை திரும்பிய பிறகுதான் தட்டல் நின்றது. பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் கொல்லைக்குத் திரும்பினார்கள். அடியில் பிடித்துவிட்டது என்று யாரோ யாரையோ திட்டும் சத்தம் வந்தது. மகள் வாசலிலேயே நின்றாள். அத்தை தட்டத்தை இடுக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் போன் அடித்தது. அலுவலகத்திலிருந்து மேலதிகாரி. பரிதாபத்துக்கென்றே வைத்திருக்கும் குரலில் பேசினார்.

"மேடம், துக்க வீட்ல தொந்தரவு பண்றேன், மன்னிக்கணும். நம்ம ஆளு வெறுங்கையோட வந்து நிக்கிறாரு. கேட்டா கரண்டிங்கிறாரு, பாத்திரம்ங்கிறாரு, பெண்கள் ஒவ்வொரு அடியா வந்தாங்கங்கிறாரு. அந்த அட்டையையே எங்கிட்ட ஒப்பிக்கிறாரு மேடம்! போற வழியில எங்கயோ தூங்கிட்டு வந்துட்டாரு, வேற என்ன?"

அவள் முன்னறைப் பக்கம் திரும்பினாள்.

"இதுல உச்சம் என்னன்னா, முதல்ல தட்டினதே நீங்கதானாம். நீங்க! அது பொய்னு எழுதிக் கொடுத்தவங்க! எனக்கு சிரிப்பு வந்துடுச்சு. அப்படி ஒண்ணு நடக்கவே இல்லன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க மேடம், போதும். நாளைக்கு வேற ஆள அனுப்பிடறேன்."

முன்னறையில் அத்தை கட்டில் விரிப்பை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள். நீவுவது நின்றது. கட்டில்மேல் ஒரு நீளமான மூக்கு மட்டும் தெரிந்தது.

"மேடம்? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன் சார்."

"அப்ப நடக்கலன்னு போட்டுக்கட்டுமா?"

பாத்திர மூடி இன்னும் அவள் கையில்தான் இருந்தது. நடுவில் புதிதாக ஒரு நசுங்கல். அதன்மேல் கட்டைவிரலை வைத்துப் பார்த்தாள். விரல் உள்ளே போய் உட்கார்ந்தது.

"இல்ல சார்," என்றாள். "நடந்துச்சு."