வேம்பஞ்செவலுக்கு வரும் நிழல்

வேம்பஞ்செவல் ரயில் நிலைய நடைமேடையில் பிற்பகலில் விழும் நிழலுக்குள் எவரும் நிற்பதில்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லித் தந்ததில்லை. ஆயினும் சித்திரை மாதத்தில் அங்கே மிளகாய் வற்றல் காயப்போடும் பெண்கள்கூட, அந்த நேரம் வந்ததும் விலகி, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு வெயிலிலேயே காத்திருப்பார்கள். சாத்தூருக்குத் தெற்கேயுள்ள இந்நிலையம், பயணச்சீட்டு விற்பனை போதவில்லை என்று பல ஆண்டுகளுக்கு முன்பு மூடப்பட்டது. விரைவு வண்டிகள் வேகம் குறையாமல் கடந்துசெல்கின்றன. முன்பு இங்கே நின்றுபோன பாசஞ்சர் வண்டி இப்போது வருவதில்லை; அதன் நிழல் மட்டும் முன்போலவே தெற்கிலிருந்து வந்து, மேடை நெடுக விழுந்து, சற்றுநேரம் தங்கி, வடக்கே சாத்தூர்ப் பக்கம் போகிறது. ஜன்னல்களும் ஜன்னலோரத் தலைகளும் அதில் தெளிவாகத் தெரியும். மேகம் மூடிய நாட்களில் அது வருவதில்லை. அன்று வண்டி ரத்து என்று ஊரார் சொல்லிக்கொள்வார்கள்.

தாயில்பட்டியில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து செலுத்தும் வேலை பார்த்த செல்வக்குமார், மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள், கையெல்லாம் அலுமினியப் பொடி மின்ன வேலை முடிந்து வந்தவன், வெயில் பொறுக்காமல் அந்த நிழலுக்குள் போய் நின்றான். "ஏலே, வெளிய வாலே!" என்று, அங்கே வற்றல் காயப்போட்டிருந்த அவன் தாய் மாடத்தி கத்தினாள். "நிழலுக்குமா டிக்கெட் எடுக்கணும்? சும்மா இரும்மா" என்றான். நிழல் நகர்ந்தபின் மேடையில் அவனுடைய செருப்புகள் மட்டும் கிடந்தன. மறுநாள் மூன்றாம் பெட்டியில் அவனுக்கு இருந்ததுபோலவே விடைத்த காதுகளுடன் ஒரு தலை கூடுதலாகத் தெரிந்தது. அதன்பின் அவன் மனைவி மாரிசெல்வி வேலையில்லாத நாளெல்லாம் அங்கே வந்து அந்தத் தலையைப் பார்த்து நின்றாள். நிழல் போகும்வரை மாடத்தி அவள் மணிக்கட்டை விடமாட்டாள். "அவனைக் கொண்டுபோனது போதும்டி. நீயும் போயிட்டா நான் யாருகூடச் சண்டை போடுவேன்?" என்பாள்.

இந்தச் சித்திரையில் மேடையை இடிக்க இயந்திரம் வந்து இறங்கியது. மறுநாள் வேலை தொடங்கும் என்றார்கள்.

"மேடை இல்லேன்னா அது எங்கன நிக்கும் அத்தை?" என்று மாரிசெல்வி கேட்டாள்.

மாடத்தி அவள் மணிக்கட்டில் பிடியை இறுக்கினாள். நிழல் வந்து நின்றது. மாரிசெல்வி கையை உருவிக்கொண்டு, செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க நிழலுக்குள் நடந்தாள். மூன்றாம் பெட்டியருகே நின்று, "கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றாள். விடைத்த காதுகளுள்ள தலை நகர்ந்து இடம்விட்டது.

மாடத்தி வெயிலில் நின்றபடியே உரக்கக் கத்தினாள்: "ஏட்டி, சாப்பிட்டானான்னு கேளு!"

நிழல் சாத்தூர்ப் பக்கம் நகர்ந்தது. பெண்கள் வற்றலைப் புரட்டிப்போட வந்தார்கள்.