கண்ணுக்கு ஒரு மூட்டை

ஒடுகத்தூர்ச் சந்தையில் சின்னதம்பி மூட்டை தூக்குகிற அழகைப் பார்த்தவர்கள் லேசில் மறக்க மாட்டார்கள். மூட்டைக்கு முன்னால் சற்று நிற்பான். மேலிருந்து கீழே ஒரு பார்வை. பார்த்த அந்தக் கனத்துக்கென்றே கால் தானாக அகலும், இடுப்பு தானாக அமையும். மறு மூச்சில் மூட்டை தோளில் இருக்கும். முக்கலும் கிடையாது, முனகலும் கிடையாது. அப்படிப்பட்டவனை ஆற்றில் கிடந்த ஒரு கல் கவிழ்த்துவிட்டது என்றால் யார் நம்புவார்கள்? ஊர் நம்பியது.

அந்தக் கல்லைக் கேட்டவள் அவன் மனைவி ரத்தினம்மாள்தான். நயா பைசா வந்த புதிது. அந்த ஐப்பசியில் ஜவ்வாது மலையில் கொட்டிய மழைக்கு ஆறு இரு கரையும் புரண்டது. வெள்ளம் வடிந்த பிறகு பார்த்தால், மணலில் ஒரு கறுப்புக் கல். சுற்றிலும் வெள்ளையும் சாம்பலுமாகக் கற்கள் கிடக்க, இது மட்டும் எண்ணெய் தடவினாற்போல் மினுமினுத்தது. மேல்பக்கம் பலகைபோல் தட்டை.

"இத்தத் தூக்கினு வந்து வூட்டாண்ட போட்டீங்கன்னா துணி துவைக்க எனக்கு நல்லா இருக்கும்" என்றாள்.

"இம்மாத்தூண்டு கல்லுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ கெஞ்சற?" என்று சின்னதம்பி சிரித்தான்.

பார்வைக்கு ஒரு நெல் மூட்டைக் கனம் இருக்கும். அவனுக்கு அது ஒரு பொருட்டா? பேசிக்கொண்டே குனிந்தான், எடுத்தான். கல் முழங்கால் உயரம் வந்தது. அங்கே அவன் முகம் மாறியதை அவள் பார்த்தாள். முட்டி மடங்கியது. கல் மணலில் பொத்தென்று விழ, அதன்மேலேயே அவன் குப்புற விழுந்தான்.

குளிக்க வந்திருந்த கூலிக்காரர்கள் அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். அதிலும் ராஜாக்கண்ணு இருந்தது கெட்ட நேரம். அவனும் மூட்டை தூக்குகிறவன்தான்; ஆனால் அவன் தூக்கியதைவிடப் பேசியது அதிகம். "துணி துவைக்கிற கல்லுக்கே வுழுந்துட்டியே அண்ணே! இனிமே பஞ்சு மூட்டையா பார்த்துத் தூக்கு!" என்றான். ஆறே சிரித்தது.

யானைக்கும் அடி சறுக்கும் என்று துடைத்துப் போட்டிருக்கலாம். சின்னதம்பியால் முடியவில்லை. மறுநாள் ஹனீஃபா சாயபு மண்டியில் நெல் மூட்டைக்கு முன்னால் போய் நின்றான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். இடுப்பு அமையவில்லை. கண் சொன்ன கனத்தை உடம்பு நம்ப மறுத்தது. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தவன், "எனக்கு சத்து பூட்ச்சு ரத்தினம்" என்று உட்கார்ந்துவிட்டான்.

திருஷ்டி என்றார்கள், ரத்தினம்மாள் சுற்றிப் போட்டாள். மந்திரித்த கயிறு என்றார்கள், அதையும் கட்டினாள். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் சின்னதம்பி வாணியம்பாடியில் தோல் பதனிடும் ஒரு ஷாப்பில் காவல்காரன் வேலைக்குச் சொல்லிவைத்து, காக்கிச் சட்டைக்குத் துணியும் எடுத்துத் தையல்காரர் சத்தார் பாயிடம் கொடுத்துவிட்டான். அடுத்த வாரம் புறப்பாடு.

ரத்தினம்மாளுக்குப் பொறுக்கவில்லை. காவல் வேலை கேவலம் என்று அவள் சொல்லவில்லை. ஆனால் கேட் ஓரம் ஸ்டூல் போட்டு உட்காருகிற உடம்பா அது? அவன் மூட்டையோடு நடந்து வருவதைப் பார்த்துத்தானே அவள் கழுத்தை நீட்டினாள்! "அந்தாளு மேல தப்பே இல்ல. கல்லு மேலதான் இன்னாவோ தப்பு" என்று அவள் குழாயடியில் சொல்ல, பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். புருஷன் பைத்தியம் என்றார்கள். இருக்கட்டுமே! அவரவர் புருஷன்மேல் பைத்தியமாக இருக்க ஊரிடம் உத்தரவு வாங்க வேண்டுமா?

அன்று மத்தியானம் தனியாக ஆற்றுக்குப் போனாள். கல் அதே இடத்தில் பாதி மணலில் புதைந்து கிடந்தது. ஒரு ஓரத்தில் பழைய அரிவாளில் இருப்பதுபோல் செங்காவிக் கறை. வேறொரு கல்லை எடுத்து அந்த ஓரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தாள். கை எரிந்த பிறகுதான் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது. அதை உள்ளங்கையில் வைத்தவள் திகைத்துப்போனாள். சில்லு சின்னது, கை தாழ்ந்தது. அதே அளவில் வெள்ளைக் கற்கள் சிலதையும் பொறுக்கி, எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்துகொண்டாள்.

வழியில் சத்தார் பாயின் தையல் கடை. காக்கிச் சட்டையை நிறுத்தச் சொல்லலாம் என்று உள்ளே போனாள். பாய் கீழே சிந்திய குண்டூசிகளைக் காந்தத்தால் பொறுக்கி மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தச் சட்டையை இப்போ வெட்டாதீங்க" என்று சொல்லி, பாரம் இழுக்கிறதே என்று முடிச்சை அவிழ்த்துக் கற்களை மேஜைமேல் வைத்தாள். பாய் கையிலிருந்த காந்தம் வெடுக்கென்று பாய்ந்து கறுப்புச் சில்லைக் கவ்விக்கொண்டது.

"யா அல்லா!" என்று கையை உதறினார் சத்தார். காந்தத்தைத் தூக்கினார், கல்லும் கூடவே வந்தது. வெள்ளைக் கல்லுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காந்தம் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. "இத எங்கமா புடிச்ச? எங்க மச்சான் சேலத்துல கீறாரு. அங்க கஞ்சமலைலேர்ந்து இதே மாரி ஒண்ணு கொண்டாந்து காட்டினாரு. இது இரும்புக் கல்லுமா. இத உருக்கித்தான் அந்தக் காலத்துல கத்தி அடிச்சாங்களாம். நம்ம மலை வயித்துலயும் இது கீது பாரேன்!"

ரத்தினம்மாள் மேஜைமேல் குனிந்தாள். "அப்போ கனமா இருக்குமா பாய்?"

"இரும்பு பின்ன பூவாட்டமா இருக்கும்?"

இருவரும் நேரே ஹனீஃபா சாயபு மண்டிக்குப் போனார்கள். சாயபு சின்னத் தராசை எடுத்தார். ஒரு தட்டில் கறுப்புச் சில்லு, மறு தட்டில் அதே அளவு வெள்ளைக் கல். கறுப்புத் தட்டு டக்கென்று இறங்கியது. இன்னொரு வெள்ளைக் கல் வைத்த பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது.

சாயபு கண்ணாடியைக் கழற்றிவிட்டார். "கண்ணுக்கு ஒரு மூட்டை, கைக்கு ரெண்டு மூட்டை! ஒரு மூட்டைன்னு நெனச்சுக் கைய வச்சவன் இத முட்டி வரைக்கும் தூக்கினானா? சுபானல்லா! அவன வுழுந்தான்னா சொல்றீங்க?"

ராஜாக்கண்ணு அங்கேதான் இருந்தான். "தராசு கெடக்கட்டும் சாயபு. நான் தூக்கிக் காட்டறேன் வாங்க" என்றான்.

மண்டியே ஆற்றுக்குக் கிளம்பியது. ரத்தினம்மாள் வீட்டுக்கு ஓடிப் புருஷனிடம் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னாள்.

"என்னத் தேத்தறதுக்குச் சொல்ற" என்றான் அவன், சுவரைப் பார்த்துக்கொண்டே.

"பொய் சொல்லித் தேத்தற ஆளா நானு? இத்தினி வருசம் குடும்பம் நடத்தி இதான் தெரிஞ்சிக்கினீங்களா? எழுந்திருங்க!" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அவர்கள் போனபோது ராஜாக்கண்ணு குனிந்திருந்தான். கழுத்து நரம்பு புடைத்தது, கண் பிதுங்கியது, கல் மணலைவிட்டு அசையவில்லை. இன்னொரு தரம் பிடித்தான். பிறகு நிமிர்ந்து, மூச்சு வாங்க, தலைத்துண்டை அவிழ்த்தான். "அண்ணே, தெரியாம சிரிச்சுட்டேன். இது மனுசன் தூக்கறதில்ல" என்றான். அவன் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்ததே பெரிது.

சின்னதம்பி கல்லுக்கு முன்னால் போய் நின்றான். மேலிருந்து கீழே பார்த்தான். காவிக் கறையைத் தடவினான். சுற்றி வந்தான். ரத்தினம்மாளின் உடம்பெல்லாம் கண்ணாக இருந்தது. அவன் கால் மெல்ல அகன்றது, இன்னும் கொஞ்சம் அகன்றது. இடுப்பு இறங்கி அமைந்தது. இது அவன் ஒரு மூட்டைக்கு நிற்கிற நிலை அல்ல என்பது அவளுக்குத் தெரியும். கல் இன்னதென்று தெரிந்துகொண்டு, அந்தக் கனத்துக்கென்றே அந்த உடம்பு தயாராகிறது. அடேயப்பா, என்ன உடம்பு!

கல் முழங்காலுக்கு வந்தது. தொடைமேல் ஏறி உட்கார்ந்தது. ஒரு மூச்சு. அங்கிருந்து மார்பு, மார்பிலிருந்து தோள். சத்தார் பாய் தன்னை மறந்து கை தட்டினார். சின்னதம்பி யாரையும் பார்க்காமல் மணலில் கால் புதையப் புதைய நடந்து கரையேறினான். மேட்டில் நின்று, மெதுவாகக் குனிந்து, குழந்தையைக் கிடத்துவதுபோல் கல்லைச் சத்தமில்லாமல் இறக்கிவைத்தான்.

நிமிர்ந்து மனைவியைத் தேடினான். வேர்வை வழிந்த முகம் முழுக்கச் சிரிப்பு.

"கனம்தான்டி ரத்தினம்" என்றான். "நெசமாவே கனம்தான்."

இத்தனை நாள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாதவள், அத்தனை பேர் நடுவில் ஓவென்று அழுதாள்.