விலாவில் நின்ற கை

1.

இந்தக் கதை ஓர் ஓட்டையில் பிறந்தது. டாக்டர் ஸ்டாடரின் சிகிச்சைக் கட்டிலில் குப்புறப் படுத்தால் முகம் வைக்க ஓர் ஓட்டை இருக்கும். அதற்குள் மூக்கைப் புதைத்தபடி நான் பார்த்தவை இரண்டு ஜோடிக் காலணிகள் மட்டும். சேறு காய்ந்த பூட்ஸ் டாக்டருடையது. பீட்ரூட் ஊறுகாய்க் கறை படிந்த வெள்ளைக் காலணி ஜோலின் ஹெக்மேனுடையது. ஆகவே இந்தக் கதையில் எங்கேயாவது ஒரு முகபாவம் வர்ணிக்கப்பட்டால் அது என் கைச்சரக்கு என்று இப்போதே சொல்லிவிடுகிறேன்.

2.

தொடக்கம் படுத்தியெடுத்தது. முதலில் இப்படி எழுதினேன்:

சிறு வயதிலிருந்தே ஜோலினுக்கு டாக்டராக வேண்டும் என்று

[நிறுத்திவிட்டேன். மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் எல்லோருமே தங்கள் கட்டுரையை இப்படித்தான் தொடங்குகிறார்கள்.]

அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் வடக்கு மூலையில், சோளக்காடுகளுக்கு நடுவே

[இதுவும் வேண்டாம். நீங்கள் சோளம் பார்க்க வரவில்லை.]

நேராகவே சொல்கிறேன். ஜோலின் என் பக்கத்து வீட்டு கார்லீனின் மகள். ஊர்க்கோடியில் இருக்கும் முதியோர் இல்லத்தில் வேலை. படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைக் குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்கவைப்பது, பீட்ரூட் ஊட்டுவது எல்லாம் அவள்தான். போன வருஷம் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு* விண்ணப்பித்தாள். நேர்காணல் வரை போனாள். நோயாளிகளைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் நன்றாகப் பேசியிருக்கிறாள். கடைசியில், எங்கள் ஆஸ்டியோபதி டாக்டர்களில் யார் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறாய் என்று கேட்டார்கள். அவள் யாரையும் பார்த்ததில்லை. இடம் கிடைக்கவில்லை.

இந்த வருஷம் இரண்டாம் முறை. பனி அள்ளிக்கொண்டிருந்த அம்மாவிடம் அவள் சொன்னது வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கும் கேட்டது. "இந்தத் தடவையும் இல்லன்னா தானியக் கிடங்குல லாரி எடை போடப் போயிடறேம்மா. இதோட விட்டுடறேன்."

கார்லீன் பனியை அள்ளிக்கொண்டே இருந்தாள்.

* மற்ற டாக்டர்களைப் போலவே மருந்து எழுதுவார்கள், அறுவை சிகிச்சையும் செய்வார்கள். கூடவே எலும்பையும் தசையையும் கையால் தொட்டுப் படிக்கக் கற்றுக்கொள்வார்கள். போனில் இதை விளக்கியபோது என் அக்கா, "அட, நம்ம புத்தூர் கட்டு" என்றாள். இல்லை என்று புரியவைப்பதற்குள் போன் அட்டையில் காசு தீர்ந்துவிட்டது.

3.

எனக்கு இப்போது ஜோலின்மேல் ஒரு சந்தேகம். காகிதத்தில் ரொம்ப நல்ல பிள்ளையாகிக்கொண்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பெண்ணுக்கு இடம் கொடுக்காதவன் மனிதனே இல்லை என்று நீங்கள் நினைக்க ஆரம்பித்தால் கதை கெட்டுவிடும்.

அதனால் ஒன்று சொல்லியாக வேண்டும்: அவளுக்கு வாய் நீளம். ஜனவரியில் நான் வாசலில் பனி அள்ளும்போது வேலிமேல் சாய்ந்துகொண்டு, "ஆதிரை, காலால அள்ள வேண்டியத முதுகால அள்றீங்க. மார்ச்சுல டாக்டர் கட்டில்ல குப்புறக் கெடப்பீங்க, பாருங்க" என்றாள். நான் அவளை மனதுக்குள் திட்டினேன். மார்ச்சில் குப்புறக் கிடந்தேன்.

4.

இந்தப் பக்கத்து டாக்டர்கள் பலரும், வேலையைப் பார்த்துக் கற்க வரும் பிள்ளைகளை அறைக்குள் விடுவதில்லை. ஆஸ்டியோபதி டாக்டரான ஸ்டாடர் விடுவார். ஒரே நிபந்தனை: கை பாக்கெட்டுக்குள் இருக்க வேண்டும். பார்க்கலாம், கேட்கலாம், தொடக் கூடாது. ஜோலின் இலையுதிர்காலம் முதல் அப்படித்தான் நின்றாள். அவளுடைய சட்டைப் பாக்கெட் இரண்டும் தொங்கிப்போய்விட்டன என்று கார்லீன் அங்கலாய்த்தாள்.

கல்லூரிக்கு ஓர் ஆஸ்டியோபதி டாக்டரின் பரிந்துரைக் கடிதம் வேண்டும். அதில்தான் சிக்கல். அதை எழுதித் தரும் முன் ஸ்டாடர், நோயாளி சம்மதித்தால் ஒரே ஒரு முறை கையை வெளியே எடுக்கச் சொல்வார். இந்த இடத்தில் வை, எலும்பின் அசைவு கைக்குத் தெரிகிறதா என்று கேட்பார். என் கழுத்தைத் திருகிக்கொண்டே ஒருநாள் என்னிடம் புலம்பினார்.

"எல்லாப் பசங்களும் 'தெரியுது டாக்டர்'னுதான் சொல்றாங்க. எனக்கே அது தெரிய ரெண்டு வருஷமாச்சு. தெரியாதத தெரியுதுன்னு சொல்ற கைய நோயாளிமேல எப்படி விடறது? அப்படிச் சொன்ன ஒருத்தனுக்கும் நான் எழுதிக் குடுத்ததில்ல."

இதை நான் ஜோலினிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இது வேறு கதை.

5.

மார்ச்சில் அன்று வலி இடது தோள்பட்டைக்குக் கீழே. டாக்டர் முதுகு முழுவதும் தடவினார். ஓரிடத்தில் மட்டும் எனக்குச் சுரீரென்றது, பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு விலா மூச்சோடு சேர்ந்து எழும்பாமல் முரண்டு பிடிக்கிறது என்றார். பிறகு, ஜோலின் தொட்டுப் பார்க்கலாமா என்று என்னைக் கேட்டார். ஓட்டைக்குள்ளிருந்தே சரி என்றேன்.

வெள்ளைக் காலணிகள் கட்டிலை ஒட்டி வந்து நின்றன. எந்த விலா என்று டாக்டர் சொல்லவில்லை, அவளே கண்டுபிடிக்க வேண்டும் என்றார்.

கை வந்து அமர்ந்தது. சோப்புப் போட்டுப் போட்டு வறண்டுபோன கை. அழுத்தவில்லை. வெறுமனே இருந்தது.

"ஒண்ணுமே அசையல டாக்டர்."

(போச்சு என்று நினைத்தேன்.)

"ஒண்ணுமேன்னா?"

"ஒரு விலாவும் அசையல. இவங்க மூச்சே விடல. நான் தப்பாச் சொல்லிடுவேன்னு பயந்து எனக்காக மூச்சப் பிடிச்சுக்கிட்டுக் கெடக்கறாங்க."

உண்மைதான். ஆனால் அப்படிச் செய்துகொண்டிருந்தது எனக்கே தெரியாது. அவள் கைக்குத் தெரிந்திருக்கிறது. அந்தக் கணம் எனக்குள் எழுந்த பிரமிப்பைச் சொல்ல எத்தனையோ வாக்கியம் எழுதி அடித்துவிட்டேன். அவள் ஜெயிக்க வேண்டும் என்ற என் ஆசை என் முதுகெலும்பைச் சுற்றி எங்கோ இறுகிக் கிடந்திருக்கிறது. ஒரு மனுஷி கை வைத்ததும் அதைக் கண்டுகொண்டாள்.

எழுதுகிறவளுக்கும் இதுதான் கதி என்று தோன்றுகிறது. பாத்திரம் ஜெயிக்க வேண்டுமே என்று நான் மூச்சைப் பிடித்தால், கதையில் ஒரு விலாவும் அசையாது.

"மூச்ச விடுங்க ஆதிரை. பரீட்சை உங்களுக்கில்ல" என்றார் டாக்டர்.

விட்டேன். கை காத்திருந்தது. பிறகு, தூங்கும் குழந்தையின் போர்வையைச் சரிசெய்வதுபோல மெல்ல நகர்ந்தது. ஒரு விலா, அடுத்தது, அதற்கடுத்தது. நின்றது.

"தெரியுதா?" என்றார் டாக்டர்.

வெள்ளைக் காலணியில் ஒன்று மற்றதன்மேல் ஏறி இறங்கியது.

"தெரியுதுன்னு சொல்லணும்னு ரொம்ப ஆசையா இருக்கு டாக்டர். அதனாலயே என் கைய நம்பப் பயமா இருக்கு."

சேற்று பூட்ஸ் ஓரடி முன்னே வந்தது.

"சரி, நானும் சொல்லல, நீயும் சொல்ல வேணாம். கை யார் முதுகுல இருக்கோ அவங்க சொல்லட்டும். ஆதிரை, வலிக்கற எடத்துலதான் கை இருக்கா?"

6.

நான் என்ன சொன்னேன் என்பது எனக்குத் தெரியும். அதை எழுதத்தான் முடியவில்லை.

முடிவு ஒன்று: "அங்கதான் இருக்கு" என்றேன். பரிந்துரை போனது, இடம் கிடைத்தது, கார்லீன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று அழுதாள். [பக்கத்து வீட்டுக்காரி, போதாததற்குக் கதாசிரியை, அவளுக்குச் சாதகமாகச் சொல்லமாட்டாளா என்பீர்கள்.]

முடிவு இரண்டு: "ஒரு விரல் அளவு கீழே இருக்கு" என்றேன். அறுவடைக்காலத்தில் தானியக் கிடங்கு வாசலில் லாரிகள் வரிசைகட்டி நின்றன, எடை மேடையருகே ஒரு பெண் [அழவைக்கவென்றே எழுதினாள் என்பீர்கள். அதுவும் பாதி நிஜம்.]

முடிவு மூன்று: நான் வாயைத் திறக்கும் முன்பே சேற்று பூட்ஸ் எழுதும் மேசைப் பக்கம் திரும்பிவிட்டது. [இதைப் பார்த்தேனா, பார்க்க ஆசைப்பட்டேனா? ஓட்டை சின்னது.]

மூன்றிலும் மாறாதது ஒன்று உண்டு. அந்தக் கை அவ்வளவு ஆசைக்கு நடுவிலும் பொய் சொல்லவில்லை. நான் அவளுக்காக எதைச் சொன்னாலும் அதற்கு ஈடாகாது. அதனால் இந்த இடத்தில் நான் சாட்சிக் கூண்டிலிருந்து இறங்கிக்கொள்கிறேன்.

இனி நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓட்டைக்குள் முகத்தை வையுங்கள். கீழே இரண்டு ஜோடிக் காலணிகள் நிற்கின்றன. உங்கள் முதுகில் ஒரு வறண்ட கை இருக்கிறது. டாக்டர் கேட்டுவிட்டார், அவள் காத்திருக்கிறாள்.

மூச்சை மட்டும் பிடித்துக்கொள்ளாதீர்கள். அவளுக்குத் தெரிந்துவிடும்.