நிபுணர் வீட்டு வைஃபை

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமானது இல்லை. மாடி வீட்டுக்காரர் படிக்கட்டில் வழிமறித்துச் சொன்னது. அவர் சொன்னபோது அது வைஃபை பற்றிய கதையாக இருந்தது. எழுதத் தொடங்கிய பின்புதான் உள்ளே வேறொருவர் உட்கார்ந்திருப்பது தெரிந்தது.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘கண்ணுக்குத் தெரியாத அலைகள் மிதந்துகொண்டிருந்த ஒரு காலைப் பொழுதில், மனித உறவுகளின்—’

வேண்டாம். எனக்கே கொட்டாவி வந்தது. நேராகவே சொல்கிறேன். மணி பத்து. பதினொன்றுக்கு அவர் மனைவிக்கு லேப்டாப் வழியாக இன்டர்வியூ. கட்டட வரைபடம் வரையும் வேலை. ஒன்பது வருடம் வீட்டோடு இருந்த பிறகு வந்த முதல் அழைப்பு. வைஃபையோ வருவதும் போவதுமாக இருந்தது.

2

மாடி வீட்டுக்காரருக்குக் குடும்பத்தில் ‘நிபுணர்’ என்று பெயர். யார் வீட்டு மிக்சி நின்றாலும் திருப்புளியோடு போய் நிற்பார். மிக்சி ஓடாது, ஏன் ஓடாது என்பது மட்டும் எல்லோருக்கும் விளக்கமாகத் தெரிந்துவிடும்.

நிபுணர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். லேப்டாப்பை அணைத்துப் போட்டார். ரௌட்டரை அணைத்துப் போட்டார். பாஸ்வேர்டை மாற்றினார், மாற்றியதை மறந்தார், ரீசெட் செய்து பழையதுக்கே வந்தார்.

“ஏங்க, மீன்தொட்டி வந்ததுக்கப்புறம்தான் இப்படி ஆகுது. அவ்ளோ தண்ணியத் தாண்டி சிக்னல் எப்படி வரும்? ரௌட்டரை அதுக்குப் பின்னாடியிருந்து எடுத்துடுங்க.”

“நீ போய் இன்டர்வியூவுக்குத் தயாராகு. இது டிரைவர் பிரச்சினை.”

(டிரைவர் என்பது இங்கே வண்டி ஓட்டுபவர் அல்ல, லேப்டாப்புக்குள் இருக்கும் ஏதோ ஒரு மென்பொருள். நிபுணருக்கும் அதற்கு மேல் தெரியாது.)

சேவை மையத்துக்குப் போன் போட்டார்.

“சார், ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க.”

“பண்ணிட்டேம்மா.”

“இன்னொரு தடவை பண்ணுங்க சார்.”

“இங்க பாரும்மா, நான் இந்தத் துறையில...”

“எந்தத் துறை சார்?”

நிபுணர் போனை வைத்துவிட்டார். அவர் இருப்பது ஓர் அலுவலகத்தின் தபால் பிரிவில்.

3

எனக்கு இந்த ஆள்மேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு மக்காகவா ஒருவர் இருப்பார்? கொஞ்சம் அறிவு சேர்த்து எழுதிப் பார்த்தேன். என் மனைவி படித்துவிட்டு, “முன்னாடி எழுதினதுதான் நிஜமா இருந்துச்சு” என்று என்னையே பார்த்தாள். பழையதையே வைத்துவிட்டேன்.

பத்து ஐம்பத்தைந்து. நிபுணரின் மனைவி எழுந்து வந்தாள். தொட்டிக்குப் பின்னால் கையை விட்டு ரௌட்டரை உருவினாள். அதன் கம்பி, லேப்டாப் இருந்த அறையின் வாசல்வரைதான் எட்டியது. வைக்க இடமில்லை. புருஷன் கையில் கொடுத்தாள்.

“இப்படியே புடிச்சிட்டு நில்லுங்க. ஆடாதீங்க.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே லேப்டாப் பிசிறில்லாமல் பேசியது. நிபுணர் நாற்காலிமேல் ஏறி, ரௌட்டரைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நாற்பது நிமிடம் நின்றார். (நாற்காலி தேவையே இல்லை. ஆனால் நிபுணர் இல்லையா!)

4

“ஒன்பது வருஷமா எதுவுமே வரையலையா மேடம்?”

“வரைஞ்சேன் சார். இந்த வீட்டையே இருபத்திரண்டு விதமா வரைஞ்சு வெச்சிருக்கேன்.”

“இருக்கிற வீட்டையா? எதுக்கு?”

“எனக்குன்னு ஒரு ரூம் வருதான்னு பாக்க.”

“வந்துச்சா?”

“எல்லாத்துலயும் வந்துச்சு சார். அதுல பாதிக்கு மேல, சுவரக்கூட இடிக்க வேண்டாம்.”

“கை கடுத்துப்போச்சு சார்” என்றுதான் மாடி வீட்டுக்காரர் இந்த இடத்தில் என்னிடம் சொன்னார். பிறகு படிக்கட்டின் கைப்பிடியைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தார். “அப்படி ஒரு படம் வீட்டுல இருக்கறதே எனக்குத் தெரியாது.”

5

வேலை கிடைத்துவிட்டது. நான்காம் நாள் கடிதம் வந்தது. அதில் மர்மம் ஒன்றுமில்லை. என்னால் எழுதி முடிக்க முடியாமல் கிடப்பது வேறு. இன்டர்வியூ முடிந்து கதவு திறக்கிறது. அவள் வாசலில் நின்று அண்ணாந்து பார்க்கிறாள். அவர் ஏதாவது சொல்ல வேண்டும்.

முதல் வரைவில், “பாத்தியா, நான் புடிச்ச புடியில சிக்னல் எப்படி வந்துச்சு!” என்று சொல்ல வைத்தேன். சிரிப்பு வந்தது, ஆனால் அத்தனை நேரம் ஆடாமல் நின்ற மனுஷனுக்கு அநியாயம். இரண்டாவதில் அழ வைத்தேன். அவள் நம்ப மாட்டாள். மூன்றாவதில், “அந்தப் படத்தையெல்லாம் கொஞ்சம்—”

அதோடு நிற்கிறது. நிஜத்தில் என்ன சொன்னீர்கள் என்று அவரிடமே கேட்டேன். “அதெல்லாம் எழுதாதீங்க சார்” என்று விறுவிறுவென்று படியேறிப் போய்விட்டார்.

அந்த வாக்கியத்தை நீங்களே முடித்துவிடுங்கள். நீங்கள் வாயைத் திறக்கும்வரை அவரை நாற்காலியிலிருந்து இறக்க எனக்கு மனம் வரவில்லை.