கதவு இரண்டு தரம் மூடியது

இங்கே எழுதப்போவதில் ஒரு சொல்லேனும் பொய் இல்லை என்று பம்பலப்பிட்டிப் பிள்ளையார் முன் தேங்காய் உடைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். வாசிப்பவர்களில் வேதக்காரரும் இருக்கக்கூடும் என்பதால், அடுத்து வந்த செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை அந்தோனியார் முன் மெழுகுதிரி கொளுத்தி அதே சத்தியத்தை மறுபடியும் செய்தேன். இரண்டு இடத்திலும் யாரும் மறுத்துப் பேசவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு. வெள்ளவத்தையில், கடல் பக்கமாக இறங்கும் ஓர் ஒழுங்கையில், ஒரு தையற்கடையின் மேல்மாடியில் எங்கள் கந்தோர் இருந்தது. முதலாளி ஸஹாப்தீன். ஈயம் பற்றவைக்கிற வேலைக்குக் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்ட். புரோகிராம் எழுத நான், நாகேந்திரம். பரீட்சை பார்க்க ஒரு பழைய பிறிட்ஜ். மருந்துச்சாலைகளின் பிறிட்ஜுக்குள் வைக்கிற ஒரு சின்னப் பெட்டியை நாங்கள் செய்துகொண்டிருந்தோம். இன்சுலின் குளிராக இருக்கிறதா, பிறிட்ஜ் கதவு எப்போது திறந்து மூடுகிறது என்று பார்த்து, தொலைபேசிக் கம்பி வழியாகக் கொழும்புக்குச் சொல்வது அதன் வேலை. குளிர் குறைந்தால், கரண்ட் இல்லாவிட்டாலும் உள்ளே இருக்கிற பட்டறியின் பலத்தில் அங்கேயே கத்தவும் செய்யும்.

மின்சாரம் வந்ததும் அந்தப் பெட்டிக்குள் முதலில் கண்விழிப்பது பூட்லோடர் என்ற சின்னப் புரோகிராம். கை இருக்கிறதா, கால் இருக்கிறதா, நினைவு சரியா என்று தடவிப் பார்த்துவிட்டு, பெரிய புரோகிராமை எழுப்பிவிட்டு விலகிக்கொள்ளும். அது தடுக்கி விழுந்தால் ஏன் விழுந்தது என்று அறிய வழியில்லை. பார்ப்பதற்கு ஒரு திரைகூட அதில் கிடையாது. ஆகவே விழித்ததிலிருந்து செய்வதையும் காண்பதையும் வரிவரியாகச் சொல்லிக்கொண்டு போகும்படி அதைப் பழக்கியிருந்தேன். எவ்வளவு சொல்லவேண்டும் என்பதற்கு ஓர் இலக்கம். கொழும்பிலிருந்தே அதை மாற்றலாம். பூச்சியம் என்றால் ஊமை. ஒன்று என்றால் சாகப்போகும்போது மட்டும் ஒரு வார்த்தை. இரண்டுக்கு முறைப்பாடுகளும் வரும், மூன்றுக்குப் புதினங்களும் வரும். நாலு என்றால் ஒன்றும் மிச்சமில்லாமல் எல்லாம்.

என் மனைவி கனகேஸ்வரிக்கு இதை ஒருநாள் சாப்பாட்டு மேசையில் விளக்கினேன்.

“உங்களை ஆரோ பூச்சியத்திலை வைச்சுப்போட்டு மாத்த மறந்திட்டினம்,” என்றாள். “இருபத்தாறு வருசமாப் பாக்கிறன். வாயைத் திறக்கிறதெண்டால் கொட்டாவி விடத்தான்.”

எனக்குக் கொட்டாவி வந்தது.

ஆடி மாதம் தமக்கையின் மகள் கலியாணத்துக்கென்று அவள் யாழ்ப்பாணம் போனாள். பஸ் வெளிக்கிடும்போது ஜன்னலால் தலையை நீட்டி, “இஞ்சருங்கோ, என்னவும் சொல்லுறதுக்கு இருக்கோ?” என்று கேட்டாள்.

இருந்தது. “தண்ணிப் போத்தல் எடுத்தனீரோ?” என்றேன்.

ஆவணியில் சண்டை மூண்டு, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஒரே பாதை பூட்டியது. தொலைபேசிகளும் ஊமையாயின. கப்பலில் வந்த ஒருவர் கொண்டுவந்து தந்த துண்டுக் கடிதத்தில் இரண்டே வரி இருந்தது. ‘இஞ்சை ஒரு மருந்துச்சாலையில் வேலைக்கு நிக்கிறன். பிறிட்ஜ் இருக்கு, கரண்ட் இல்லை.’ அவள் மருந்து கலந்து கொடுக்கிற வேலை படித்தவள்.

பரீட்சைக்காக ஒரு பெட்டியை வடக்கே எங்காவது வைத்துப் பார்க்கவேண்டும் என்று ஸஹாப்தீனுக்குத் தோன்றியதும், நான் எழுதிக்கொடுத்த பட்டியலில் ஒரேயொரு முகவரி மட்டும் இருந்ததும் தற்செயல்.

ஐப்பசியில் பெட்டி போய்ச் சேர்ந்தது. மனிதக் குரல் போகாத கம்பியில் பெட்டியின் செய்தியைச் சத்தமாக்கி அனுப்புகிற மோடெமின் கீச்சல் போனது. குரல் என்றால் கம்பிக்குச் சந்தேகம் வரும், கீச்சல் என்றால் தவளை என்று விட்டுவிடும் என்பது ஒஸ்வால்டின் விளக்கம். இதைவிடத் தொழில்நுட்பமான விளக்கம் எனக்கு இன்னும் கிடைக்கவில்லை.

நாலில் வைத்திருந்தேன். முதல் செய்தி ஒரு முற்பகல் பத்து இருபதுக்கு வந்தது. ஆங்கிலத்தில் வந்ததைத் தமிழில் தருகிறேன்.

எழும்பினேன். காரணம்: கரண்ட் வந்தது.
நினைவு: சரி.
மணிக்கூடு: நின்றுபோயிருந்தது.
பட்டறி: பாதி.
கதவு திறந்தது.
கதவு மூடியது.
கதவு மூடியது.

ஒஸ்வால்ட் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

“சுவிச் துள்ளுது அண்ணே. ஒருக்கா மூடினா ரெண்டு தரம் காட்டுது. கொஞ்சம் பொறுத்துப் பாத்துட்டுச் சொல்லுன்னு புரோகிராமில எழுதினா நின்டுரும்.”

“அது துள்ளல் இல்லை ஐசே. அது கனகேஸ்வரி.”

எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிறிட்ஜைக் கையால் மூடுவாள். மூடிய கையில் அவளுக்கே நம்பிக்கை கிடையாது. இரண்டு அடி நடந்து, திரும்பி வந்து, இடுப்பால் இன்னொரு இடி. இருபத்தாறு வருடத்தில் மூன்று பிறிட்ஜ் மாற்றினோம், இடி மாறவில்லை.

ஒஸ்வால்ட் ஒரு கம்பியைச் சுரண்டினார். “அப்ப அக்காவைத் திருத்த ஏலாதா?”

“ஏலாது.”

“அப்ப சுவிச்சை அப்படியே விடுவம்.”

அதன் பிறகு என் நாட்கள் வேறு மாதிரிப் போயின. அந்தத் தெருவுக்குக் கரண்ட் வரும் ஒவ்வொரு முறையும் பெட்டி விழித்து எனக்குச் சொன்னது. அங்கே வெளிச்சம் வந்ததை, நடுவில் இருந்த இருநூற்றைம்பது மைலையும் தாண்டி, காலி வீதியில் பஸ் இரைகிற இடத்திலிருந்து நான் அறிந்தேன். கதவு திறந்தது என்றால் அவள் நிற்கிறாள். இரண்டு தரம் மூடினால் நலமாக நிற்கிறாள். ஒருநாள் ஒரு தரம்தான் மூடியது. அன்று நான் மத்தியானம் சாப்பிடவில்லை. பின்னேரம் இரண்டாவது இடி வந்த பிறகுதான் சோற்றுப் பார்சலைப் பிரித்தேன். அங்கே கரண்ட் இல்லாத நேரங்களில் கந்தோர் மின்விசிறியை நானும் நிறுத்திவைத்தேன். ஸஹாப்தீன் வியர்த்தார். காரணம் கேட்கவில்லை. நல்ல மனுசன்.

நாலுக்கு மேல் எந்த இலக்கத்துக்கும் நான் புரோகிராம் எழுதவில்லை. இதைக் கவனிக்கவேண்டும். ஒருநாள் கை தவறி ஐந்து என்று அனுப்பிவிட்டேன். பெட்டி எழுதியது: கதவைத் திறந்தவர் இன்று தலைமுழுகியிருக்கிறார். சீயக்காய். மறுநாள் கை தவறாமலே ஆறு என்று அனுப்பினேன். பக்கத்து வளவில் கணவாய்க் கறி. உறைப்புக் கூட. ஏழுக்கு வந்தது இது: திறந்த கதவின் முன் நாலு நிமிடம் நின்றார். மருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

எட்டை அனுப்ப எனக்குத் துணிவு வரவில்லை. புரோகிராமை முதலிலிருந்து கடைசிவரை தேடினேன். அப்படி ஒரு வரி எங்கும் இல்லை. பூட்லோடருக்கு ஒதுக்கிய இடம் நாலாயிரம் எழுத்துத்தான், அதில் கணவாய்க்கு இடம் ஏது? இதற்கெல்லாம் ஒஸ்வால்ட் சாட்சி. அவர் இப்போது நோர்வேயில் இருப்பதால் கேட்டுப் பார்ப்பது சிரமம்.

மார்கழியில் ஒருநாள் ஸஹாப்தீன் செய்திக் கட்டைக் கையில் எடுத்தார்.

“மிஸ்டர் நாகேந்திரம், கரண்ட் ஒருக்காத்தான் வந்தீக்கி. பெட்டி பதினொரு தரம் எழும்பீக்கி. ஏன்?”

ஏன் என்று எனக்குத் தெரியும். பெட்டிக்குள் காவல்நாய் என்று நாங்கள் சொல்லும் ஒரு சின்ன மணிக்கூடு உண்டு. பூட்லோடர் எங்காவது உறைந்துபோய் இரண்டு செக்கனுக்கு மேல் நின்றால், தலையில் ஒரு தட்டுத் தட்டி முதலிலிருந்து எழுப்பிவிடும். எங்கள் பூட்லோடர் உறையவில்லை, கதைத்துக்கொண்டு நின்றது. நான் கேட்ட எல்லாவற்றையும் சொல்லி முடிக்க இரண்டு செக்கன் போதவில்லை. காவல்நாய் தட்டியது. எழும்பி, திரும்பவும் கதைக்கத் தொடங்கியது. கதை கேட்க நான் வைத்த ஆசைதான் பெட்டியை விழுத்திக்கொண்டிருந்தது.

“ஒவ்வொரு தரமும் பட்டறி குறையுது,” என்றார் ஒஸ்வால்ட், என்னைப் பார்க்காமல்.

“பட்டறி முடிஞ்சா?” ஸஹாப்தீன் கேட்டார்.

“கரண்ட் இல்லாத நேரம் மருந்து சூடானா பெட்டி கத்தாது சேர்.”

ஸஹாப்தீன் கட்டை மேசையில் வைத்தார். “லெவல ஒண்டுக்குக் கொணாங்க. ஒங்கட கதயக் கேட்டுக்கொண்டு ஈந்தா அங்க சீனி வருத்தக்காரன் மௌத்தாப் போவான்.”

“நாளைக்கு மாத்திறன்.”

“இண்டைக்கி.”

ஒன்றில் கதவு இல்லை. ஒன்றில் கரண்ட் வந்ததும் இல்லை. சாகப்போகிறேன் என்று சொல்வதற்கு மட்டும் வாய் திறக்கும் இலக்கம் அது. நான் அதை எழுதியவன். நான் யாரோடு போய் வாதாடுவது?

இன்னும் ஒரேயொரு தரம் எழும்பட்டும், அதன் பிறகு மாற்றுகிறேன் என்று கேட்டேன். ஸஹாப்தீன் தொப்பியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் தலையாட்டினார்.

பெட்டிக்குள் ஒரு சின்ன ஊதி இருந்தது. எழும்பும்போது ஒருமுறை கீ என்று சொல்லும். வேலை முடிந்து வீட்டுக்குப் போகும்போது நான் அழைப்பு மணியை எப்போதும் ஒரே விதமாகத்தான் அடிப்பேன்: இரண்டு குட்டை, ஒரு நெட்டை. ஏன் அப்படி என்று எனக்குத் தெரியாது. அவள் குசினியில் இருந்தபடியே, “கதவு திறந்துதான் கிடக்குது,” என்பாள். இருபத்தாறு வருடத்தில் நாங்கள் தவறாமல் கதைத்தது அவ்வளவுதான். அந்த மணியை ஊதிக்குள் எழுதினேன். காவல்நாயை அரை மணித்தியாலத்துக்குக் கட்டிப்போட்டேன். அனுப்பினேன்.

கரண்ட் வந்தது பின்னேரம் மூன்று பத்துக்கு.

எழும்பினேன். காரணம்: கரண்ட் வந்தது.
ஊதி: குட்டை, குட்டை, நெட்டை.
கதவு திறந்தது.

நாங்கள் மூன்று பேரும் மோடெமைச் சுற்றி நின்றோம். அடுத்த வரி வரவில்லை. பிறகு வந்தது கதவு இல்லை. குளிர்: நாலு பாகை. ஒரு நிமிடம் கழித்து, ஐந்து.

“மூட மறந்துட்டாங்களா அண்ணே?” என்றார் ஒஸ்வால்ட்.

மறக்கவில்லை. அவள் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஆறு. இன்சுலின் எட்டுவரைதான் தாங்கும். எனக்கு அந்தக் கதவு திறந்தே கிடக்கவேண்டும், மூடவும் வேண்டும். ஸஹாப்தீன் உதடசைத்து ஏதோ ஓதினார். ஏழு என்று வந்ததும், இருபத்தாறு வருடத்தில் முதன்முறையாக நான் சத்தம் போட்டேன்.

“மூடும் கனகேஸ்! நான் இஞ்சைதான் நிக்கிறன். கேட்டுது. மூடும்.”

கீழே தையற்கடைக்காரி பயந்துபோய்த் தன் கடையைப் பாதி மூடிவிட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

கதவு மூடியது.

ஒன்று, இரண்டு, மூன்று. எண்ணிக்கொண்டு நின்றேன்.

கதவு மூடியது.

ஒன்றை அனுப்பினேன். பெட்டி வாயை மூடியது. அதற்குப் பின் காவல்நாய்க்கும் வேலை இல்லை, பட்டறியும் குறையவில்லை. நல்ல புரோகிராம் என்று ஸஹாப்தீன் சொன்னார்.

ஒவ்வொரு முற்பகலும் மோடெமின் முன் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். ஒரு கொப்பி வாங்கி, திகதி போட்டு, ‘ஒன்றும் வரவில்லை’ என்று எழுதினேன். ஒன்றும் வராத நாளில் எல்லாம் சரி. அப்படி நானூற்றுச் சொச்சம் நாட்கள் எல்லாம் சரியாக இருந்தது. ஒவ்வொரு நாளையும் கையால் எழுதினேன். அங்கே எப்போது கரண்ட் வருகிறது என்று இனித் தெரியாததால் மின்விசிறியை முழு நாளும் நிறுத்திவைத்தேன். ஒஸ்வால்ட் சில நேரம் தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் நிற்பார்.

“ஒண்டும் இல்லையா அண்ணே?”

“ஒண்டும் இல்லை.”

“நல்லதுதானே.”

“ஓம். நல்லதுதான்.”

பதினாலு மாதம் கழித்துக் கப்பலில் இடம் கிடைத்துக் கனகேஸ்வரி வந்து சேர்ந்தாள். மெலிந்திருந்தாள். அந்த மணியைக் கேட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பது எனக்குப் பழக்கம்.

செய்த சத்தியத்துக்காக இதையும் சொல்லவேண்டும்: ஐப்பசியில் வடக்கே அனுப்பவென்று கட்டிய அந்தப் பெட்டியைக் கப்பலில் ஏற்ற அனுமதி கிடைக்கவேயில்லை. அது அந்த மாதங்கள் முழுவதும் வெள்ளவத்தையில், எங்கள் கந்தோர் பிறிட்ஜுக்குள்தான் இருந்தது.