வலிக்கிற இடம்

“கல்லு உள்ள வந்தப்ப வலிச்சுதா?”

“கல்லு வந்தா எனக்கு ஏன் சார் வலிக்கும்? என் வீட்டுக்குள்ள வந்துடுச்சு. அதான் புகார்.”

“வலிச்சாதாம்மா வீடு” என்றார் சர்வேயர்.

பக்கத்து வீட்டுத் தணிகாசலத்தின் எல்லைக்கல் தினமும் ஒரு முழம் நடக்கும். திங்கட்கிழமை எங்கள் கிணற்றடியில் இருந்தது. வெள்ளிக்கிழமை கூடத்துக்கு வந்துவிட்டது. வந்ததும் அவர் அதற்கு மஞ்சள் துணி கட்டிப் பொட்டு வைத்தார். தெருவே செருப்பைக் கழற்றிவிட்டு என் கூடத்தில் கும்பிட்டு நிற்கிறது. சாமியை யாரும் நகர்த்தக் கூடாது. சாமி நகரலாம்.

சர்வேயர் அளக்கிற சங்கிலி கொண்டுவரவில்லை. பூட்ஸ் போட்டிருந்தார்.

“மிதிக்கிறேன். வலிச்சா உங்களுது. வலிக்கலன்னா அவருது.”

கூடத்தில் மிதித்தார். எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. கூடம் போனது.

சமையலறை வாசலிலேயே, “வலிக்குது!” என்று கத்தினேன்.

“மிதிக்கறதுக்கு முன்னாடி வலிச்சா செல்லாது.”

சமையலறையும் போனது. தணிகாசலத்தின் மனைவி அதற்குள் எங்கள் அடுப்பைப் பற்ற வைத்திருந்தாள்.

“ஏம்மா, உப்ப எங்க வச்சிருக்க?”

“உன் தலையில!”

“அங்க இல்லியே” என்றாள். தொட்டும் பார்த்தாள்.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இது வலி இல்லியா சார்? இப்படி எரியுதே!”

“அது கோவம். அதுக்குத் தனி ஃபாரம். தீந்துபோச்சு.”

மிச்சம் இருந்தது ஓர் அறை. அம்மா இரண்டு வருடமாக அங்கேதான் படுத்திருக்கிறாள். அவளைத் தூக்கிக்கொண்டு போக எனக்கு வேறு இடமில்லை. சர்வேயர் உள்ளே வந்து காலைத் தூக்கினார். பூட்ஸுக்கு அடியில் என் வெறுங்காலை நீட்டினேன். எலும்பு நொறுங்கியது. அலறினேன்.

அவர் குனிந்து அளந்தார். “நீளம் ஒன்பது அங்குலம். அகலம் நாலு. இது உங்களுது.”

“கட்டில்?”

“கட்டில் இன்னும் வலிக்கலியே.”

கல் அறை வாசலுக்கு வந்து நின்றது. அதன் பின்னால் தணிகாசலம் கற்பூரத் தட்டுடன் நின்றார். “நேரமாவுது சார், முடிச்சுக் குடுங்க” என்றார்.

சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்தார். பூட்ஸின் முனை லேசாக மேலெழுந்தது. நான் அவர் முழங்காலை இரண்டு கையாலும் பிடித்துக் கீழே அழுத்தினேன்.

“எடுக்காதீங்க சார். இன்னொரு காலையும் வைக்கிறேன். அப்படியே அம்மா கட்டில் வரைக்கும் மிதிச்சுக்கிட்டே வாங்க.”